உதட்டோரச் சூடு

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி

என் தம்பி மனைவிக்கு உன் நாத்தனார் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க நேரமில்லை. இந்த ஒரு பத்தியை மட்டும் முதலில் படித்துவிடு. நம் குழந்தை கடுகின் கண்ணுக்கு அந்த டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை இன்னொரு தடவை விடுவதற்கு முன்னால், அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போ. பிறந்த பதினோராம் நாள் அவளுக்கு என்ன வந்தது என்று அங்கே பெயரைச் சொல். 'பொறந்தப்ப ஏதோ இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி நிறுத்தாதே. ஹெர்ப்பீஸ் என்று சொல். இருபத்தொரு நாள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள், பிறகு ஆறு மாதம் சிரப் கொடுத்தோம், சிரப் நின்று மூன்று மாதம் ஆகிறது என்று சொல். அதேதான் திரும்ப வந்து கண்ணில் உட்கார்ந்திருக்கலாம். சிவப்பையும் வீக்கத்தையும் குறைப்பதற்கென்று கொடுக்கிற சில சொட்டு மருந்துகள் இந்த நோய்க்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடுமாம். எங்கள் கம்பெனி நர்ஸ் சொல்லும்போது அவள் முகமே மாறிவிட்டது. போய்விட்டு வந்து மீதியைப் படி. படிக்காமல் போனாலும் சரி.

இதை உன் கையில் கொடுப்பவன் என் தம்பி. பதினோரு மணி பஸ்ஸில் கிளம்புகிறான். சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு உங்கள் வாசலில் நிற்பான். உன் அண்ணன் உள்ளே விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். கடிதத்தை மட்டுமாவது வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பான்.

நேற்று உன் அண்ணன் தம்பிக்குப் போன் செய்தது அந்த விவாகரத்துப் பேப்பர்களில் கையெழுத்துப் போடச் சொல்லி. பேச்சு முற்றிப்போய், உன் பெண் நாலு நாளாக இடது கண்ணைத் திறக்கவில்லை, ஓரமெல்லாம் பொடிப் பொடியாகக் கொப்புளம், அலர்ஜி என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார், இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். பழைய கதையைச் சொன்னீர்களா என்று இவன் கேட்டதற்கு, ஊர் ஊராகப் போய் என் தங்கச்சி மானத்தை நானே வாங்கணுமா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இவன் பதினோரு தடவை கூப்பிட்டான். போன் அணைந்திருந்தது. உன் எண்ணுக்கு எங்கள் எண்ணிலிருந்து போகாது. பக்கத்து வீட்டு டீச்சரின் போனிலிருந்து இன்று காலை நான் உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பிறகு உன் அண்ணனைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மானம் போகிற நோய் என்று அதற்குப் பெயர் வைத்தது நான். அந்தப் பெயருக்குப் பயந்துதானே நீ புது டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை? அந்தப் பயத்தில் குழந்தையின் கண் போய்விடக் கூடாது. அது உன்னிடமிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்தது. என் உதட்டிலிருந்து.

இந்தக் கடிதத்தோடு ஒரு பழுப்பு உறை இருக்கும். நீ பார்த்ததும் தெரிந்துகொள்வாய். நீ இங்கிருந்து கிளம்பிய பதினெட்டாம் நாள் அது வந்தது. உன் ரத்தப் பரிசோதனைப் பேப்பர். வீட்டை விட்டுப் போகும்போது நீ அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பேப்பர் வரும், அதைப் பார்த்துவிட்டு வரத் தோன்றினால் வாருங்கள் என்று சொன்னாய். வந்தது, கண்ணு. அவன் பெயருக்குத்தான் வந்தது. அவன் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் சரிசெய்யப் போயிருந்தான். நான் வாங்கிப் பிரித்தேன். ஐந்து மாதமாக என் படுக்கைக்கு அடியில் வைத்திருந்தேன்.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பேப்பரைப் பார்த்தும் அவன் வரவில்லையே என்று நினைத்திருப்பாய். அவன் என்ன நினைத்தான் தெரியுமா? பரிசோதனையில் ஏதோ வந்திருக்கிறது, அதனால்தான் நீ அதை அனுப்பவே விடவில்லை என்று நினைத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என்னிடம் கேட்பான், ஏதாவது தபால் வந்ததாக்கா என்று. இல்லையே என்பேன். இரண்டு மாதம் கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறுத்ததற்கு நடுவில் ஒரு மெத்தையும் அதன் மேல் நானும் இருந்தோம்.

பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. எங்கள் சலவைக் கம்பெனிக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஒரு நர்ஸ் வருவாள். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துணி மடிக்கும் மேஜைகளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து, சூடு பட்ட கைகளுக்குக் களிம்பு போடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேப்பர் என்று சொல்லி அவளிடம் காட்டினேன். இந்த வைரஸ் ஒருத்தர் உடம்புக்குள் ஒரு தடவை வந்துவிட்டால் ரத்தத்தில் அதன் தடம் இருக்குமாம். இந்தப் பெண்ணின் ரத்தத்தில் தடமே இல்லை என்றாள். வாயைச் சுற்றி வருகிற வகையும் இல்லை, ஆண் பெண் உறவில் பரவுகிற மற்ற வகையும் இல்லை. அப்படியானால் அவள் குழந்தைக்கு எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். அந்த வாரம் எனக்கு உதட்டின் இடது ஓரத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. நர்ஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள்.

"இது உனக்கு எத்தன வருஷமா வருது?"

இது வெறும் சூடு, சின்ன வயசிலிருந்தே வரும் என்றேன். உனக்கும் தெரியுமே, மெஷின் முன்னால் இரண்டு ஷிஃப்ட் நின்றால் வரும், காய்ச்சல் வந்தால் வரும், என் வீட்டுக்காரர் செத்த வாரம் வந்தது. உன் வாடகைக்காரன் திரும்ப வந்துட்டானா என்று சூப்பர்வைசர்கூடக் கேலி செய்வார்.

"சூடுன்னு நீ பேர் வெச்சுட்டா அது சூடாயிருமா?" என்று சிரித்தாள் நர்ஸ்.

பிறகு என் காதுக்கு முன்னால் விரலை வைத்து, உள்ளே எலும்புக்கு அந்தப் பக்கம் நரம்பு அணுக்கள் ஒரு முடிச்சாக இருக்கின்றன என்று சொன்னாள். சின்ன வயசில் யாராவது முத்தம் கொடுத்திருப்பார்கள், இல்லை எச்சில் டம்ளரில் குடித்திருப்போம். எங்கள் அம்மாவுக்கும் எனக்கு வருகிற மாதிரியே வரும். வைரஸ் உதட்டில் நுழைந்து, மெல்லிய நரம்பு இழையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி அந்த முடிச்சுக்குப் போய்விடுகிறதாம். அங்கே ஒன்றும் செய்யாதாம். பெருகாது, வலிக்காது, கிடக்கும். உடம்பின் காவல்கார அணுக்களுக்கு அது அங்கே இருப்பது தெரியும். ஆனால் அதைக் கொல்ல வேண்டுமானால் அது குடியிருக்கிற நரம்பு அணுவையும் கொல்ல வேண்டும், நரம்பு அணு போனால் திரும்ப முளைக்காது. அதனால் காவல் மட்டும் நிற்குமாம். காய்ச்சலோ கடும் வெயிலோ தூக்கமில்லாத வேலையோ பெரிய துக்கமோ வந்து காவல் தளர்ந்தால் அது விழித்துக்கொண்டு, தன்னைத்தானே நகல் எடுத்து, ஏறிப்போன அதே இழை வழியாக இறங்கி அதே இடத்துக்கு வரும். எனக்கு ஏன் எப்போதும் இடது ஓரத்திலேயே வருகிறது என்று நாற்பத்தாறு வயசில் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும். தூங்குவதைத் தொடாது. கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்னால், வெறும் குறுகுறுப்பாக இருக்கும்போதே அது தோலுக்கு வந்துவிட்டிருக்கும்.

பெரியவர்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான் என்றாள். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குக் காவலே கிடையாது, மூளை வரைக்கும் போகும் என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே அது இருந்திருந்தால், அம்மா ரத்தத்திலிருக்கிற எதிர்ப்பில் கொஞ்சம் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்குமாம். உன்னிடம் அது இல்லை. அதனால்தான் கடுகுக்கு அந்தக் கொஞ்சம்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட உன்னைத்தான் நான் அந்தப் பேச்சுப் பேசினேன்.

அந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் உருளை இஸ்திரி மெஷின்களில் இரண்டு பழுதாகி, ஹோட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. மிச்சமிருந்த ஒரு மெஷின் முன்னால் மூன்று நாள் இரண்டு ஷிஃப்ட் நின்றேன். காய்ச்சல் வந்து, விட்டு, திரும்ப வந்தது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்த மறுநாள் மத்தியானம், குளித்துவிட்டு வந்துவிடுகிறேன், கொஞ்சம் பிடியுங்கள் அக்கா என்று அவளை என் மடியில் வைத்தாய். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு தும்மல் போட்டாள். அவ்வளவு சின்ன உருவத்திலிருந்து அவ்வளவு சத்தமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நெற்றியில் முத்தம் கொடுத்தேன். இடது கண் இமையில், விரல்களில், திரும்பக் கண்ணில். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ குளித்துவிட்டு வரும்வரை நிறுத்தவே இல்லை.

உதட்டோரம் குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல்லால் கடித்துச் சொறிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் நம்மை வராந்தாவில் நிற்க வைத்து, உதட்டில் புண் இருக்கிறவர்கள் யாராவது குழந்தைக்கு முத்தம் கொடுத்தீர்களா என்று கேட்டார். அப்போது என் உதட்டில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு பொருக்கு மட்டும் இருந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். சூட்டுக் கொப்புளத்தைப் புண் என்று நான் நினைக்கவில்லை என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம். மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது, என் பொய்யால் அவளுக்கு நஷ்டமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியென்றால் பெரும்பாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் கீழே போட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன். மாடிப்படியில் என் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது எப்படிப்பட்ட பொம்பளைங்களுக்கு வர்ற நோய்னு யாரையாவது கேட்டுப் பாரு."

இது ஒன்றுதான் நான் சொன்னது. இரண்டாம் முறை சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அது அவனுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாலு மாதம் சும்மா இருந்தான். ஒரு நாள் நீங்கள் எதற்கோ சண்டை போட்டபோது, இது உனக்கு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியாக வெளியே வந்தது.

ஏன் செய்தாய் என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு பின்கட்டு அறையைச் சுத்தம் செய்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, வாங்கக்கா என்று கூப்பிட்டவள் நீ. என்னால்தான் என்று தெரிந்தால் குழந்தையை இனி என் கையில் தரமாட்டீர்கள் என்ற நினைப்பு ஒன்றுதான். அதற்காக உன் வாழ்க்கையைக் கொடுத்தேன். கடைசியில் குழந்தையும் இந்த வீட்டில் இல்லை. அவள் உட்கார ஆரம்பித்துவிட்டாளா, அந்த நோயில் தளர்ந்துபோன வலது கை சரியாக வருகிறதா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் உன் அண்ணன் போனை வைத்ததும் இவன் மேஜையில் அந்தப் பேப்பர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இடது கண்ணாம் அக்கா என்றான். என் கால் தானாகவே அறைக்குப் போனது. உறையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். தேதியைப் பார்த்தான். பேப்பரை எடுத்துப் படித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மாடிப்படி உட்பட, என் உதடு உட்பட. அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சனிக்கிழம சனிக்கிழம கேட்டேனேக்கா" என்றான்.

இப்போது உள்ளே பையில் துணி வைத்துக்கொண்டிருக்கிறான். கடுகின் காலியான சிரப் பாட்டில் அலமாரியில் இருந்தது, அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டான். டாக்டர் கேட்டால் காட்டலாம். அவளுடைய பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் அவனிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்.

இன்று காலை நர்ஸின் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் என்று யாருமில்லை என்றேன். எனக்கு அப்பவே தெரியும் என்றாள். திட்டவில்லை. அந்தச் சொட்டு மருந்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு வேளையும் கணக்கு என்றாள்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் நீ ஏதோ திருப்பித் தர வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கும். நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். கம்பெனிக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்கள் தங்குகிற கட்டிடத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. நீ திரும்ப வந்தால் பின்கட்டில் நான் இருக்கமாட்டேன். இவனை நீ சேர்த்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். அவன் கேட்ட கேள்வி அவனுடையதல்ல, நான் அவன் வாயில் வைத்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், எனக்காக அல்ல. அது கடுகுக்குள் எங்கேயோ ஒரு முடிச்சில் எப்போதும் இருக்கும். பரீட்சை நேரத்தில் வரும், காய்ச்சலில் வரும். பெரியவளாகி ஒரு நாள், இது எங்கிருந்து வந்தது என்று உன்னைக் கேட்பாள். என்னைப் போல ஒருத்தி அவளைப் பார்த்துத் தப்பாக ஒன்றைச் சொல்வதற்கு முன்னால், நீயே சொல்லிவிடு. அத்தை கொடுத்தது என்று சொல். அத்தை அதை மறைத்தாள் என்றும் சொல்.

அவன் பையை எடுத்துவிட்டான். குழந்தையின் கண் பிழைக்கட்டும். எனக்கு இருக்கிற ஆயுளில் அதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போகட்டும்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்

*

வியாழக்கிழமை

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். குழந்தையைப் பற்றி உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதல் பத்தியோடு கிளம்பிவிட்டோம். அண்ணன்தான் வண்டி ஓட்டினார். உங்கள் தம்பி பின்சீட்டில் அந்தக் காலிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் டாக்டர் அவள் கண்ணில் ஒரு சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் காட்டினார். கருவிழியில் இலையில்லாத மரக்கிளை மாதிரி ஒரு புண். நோயின் பெயரைச் சொன்னேன். வரிசையில் நின்ற நாலைந்து பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கா ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

பழைய சொட்டு மருந்தை உடனே நிறுத்தினார்கள். ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். நேற்று கண்ணை முழுசாகத் திறந்தாள். ஓரத்தில் தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணில் பார்வை எவ்வளவு என்று இன்னும் சில மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம். சிரப் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் உட்காருகிறாள். வலது கை கொஞ்சம் மெதுவாக வருகிறது.

மீதிக் கடிதத்தை மூன்றாம் நாள் வார்டில் படித்தேன். உங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதினால் காகிதம் தாங்காது. கேள்வியை அவர் வாயில் வைத்தது நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தது நீங்கள், கேட்டது அவர். அவருக்கும் எனக்கும் அது தனிக் கணக்கு. அவர் கொண்டுவந்த விவாகரத்துப் பேப்பர்கள் அண்ணன் அலமாரியில் இருக்கின்றன. உங்கள் தம்பி இந்த ஊரிலேயே தங்கி, தினமும் காலையில் வந்து வாசலில் நிற்கிறார். குழந்தையை மட்டும் கையில் கொடுக்கிறேன்.

உங்களுக்கு அடிக்கடி வருகிறதே, அது வராமல் அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது என்று இங்கே டாக்டர் சொன்னார். போய்ப் பாருங்கள்.

கடுகிடம் சொல்லச் சொன்னீர்கள். சொல்வேன். ஆனால் பழியைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு நீங்கள் எங்கேயோ ஒரு கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. அவளிடம் அதைச் சொல்லும்போது நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு அது புரிகிற வயசு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடுகின் அம்மா